அடையாளம் பொருந்திய நாய்

பகலில் அந்த வீட்டில் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான். கேட்பது நாய் ஒன்றுதான். வீட்டுக்காரரும் அவர் மனைவியும் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார்கள். அவர்களுடைய ஒன்பது வயது மகளுக்குத் தமிழ் புரியும். பதில் மட்டும் இங்கிலீஷிலோ இந்தியிலோ, அரைகுறைத் தமிழ் கலந்து வரும். ஆகவே "உக்காரு", "நகரு", "தின்னுட்டியா", "அந்தப் பக்கம் போகாத" என்று நாள் முழுக்க நான் பேசியதெல்லாம் அந்தக் கறுப்பு லேப்ரடாரிடம்தான். நாளடைவில் அது தமிழ் நாயாகவே ஆகிவிட்டது. "உக்காரு" என்றால் உட்காரும். "சிட்" என்று சிறுமி கத்தினால் என் முகத்தைப் பார்க்கும், இவள் என்ன சொல்கிறாள் என்று கேட்பதுபோல.

நான் பிறந்ததே செகந்திராபாத்தில். அப்பாவுக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. பத்தாவது வரை படித்தேன். புது ஆள் முன்னால் நின்றால் எனக்குக் குரல் எழாது. அந்த வீட்டு வேலை பிடித்துப் போனதற்கும் அதுதான் காரணம். சமையல், சிறுமி பள்ளியிலிருந்து வந்ததும் பால் காய்ச்சிக் கொடுப்பது, நாய். வேறு யாரோடும் பேச வேண்டியதில்லை.

வீடு லோத்குண்டாவில் கடைசி வரிசையில் இருந்தது. பின்பக்கச் சுவருக்கு அப்பால் ராணுவ நிலம். முள்மரங்களும் ஆள் உயரப் புல்லும். அங்கே மனிதர்கள் நடமாடி நான் பார்த்ததில்லை. சில நாட்களில் எங்கோ உள்ளே துப்பாக்கி சுட்டுப் பழகும் சத்தம் கேட்கும். அப்போதெல்லாம் நாய் என் முந்தானைக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நிற்கும்.

ஹைதராபாத்தில் கம்பெனிக்காரர்கள் எல்லாவற்றுக்கும் இன்ஷூரன்ஸ் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. கணவன் மனைவி இருவரையும் கம்பெனி ஒன்பது மாத வேலையாக அமெரிக்காவுக்கு அனுப்புவதாக முடிவானதும், என்னை வீட்டோடு தங்கச் சொல்லிவிட்டு, நாய்க்கும் ஒரு பாலிசி எடுத்தார்கள். ஏஜென்ட் எங்கள் ரயில்வே காலனி ஆள்தான், சின்ன வயதிலிருந்தே தெரிந்தவர். நாயை இடப்பக்கம், வலப்பக்கம், நேராக என்று மூன்று படம் எடுத்தார்.

"அசையாதப்பா. என் கல்யாணத்துலகூட என்னை இத்தன பக்கம் யாரும் புடிக்கல, ஹவ்" என்றார். எங்கள் காலனித் தமிழில் உருது கலந்திருக்கும்: ஹவ் என்றால் ஆமாம், நக்கோ என்றால் வேண்டாம், கைக்கு என்றால் ஏன்.

பிறகு அடையாளங்கள் எழுதினார். உடம்பு முழுக்கக் கறுப்பு. நெஞ்சில் எட்டணா அகலத்துக்கு வெள்ளை. வலது காது நுனியில் பிளவு. குட்டியாக இருந்தபோது கம்பியில் கிழித்துக்கொண்டது. நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து காதை விரித்துக் காட்டினேன்.

வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் திரும்பினார். "அக்கா, இதுல எது சேரும், எது சேராதுன்னு ஒருக்கா படிச்சு வெச்சுக்கங்க. நாங்க இல்லாதப்ப ஒண்ணுன்னா நீங்கதானுங்களே பாக்கணும்."

"எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா..."

"டிக்‌ஷனரி இருக்குதுங்கல்ல? மெதுவாப் பாருங்க."

அவர்கள் மகளோடு விமானம் ஏறிய பிறகு, முதல் வாரம் மதியங்களில் அதைத்தான் செய்தேன். சேருவது ஒரே வரி: நாய் விபத்திலோ நோயிலோ இறந்தால். சேராதவை ஒன்றரைப் பக்கம். ஒவ்வொன்றாகத் தமிழில் நோட்டில் எழுதினேன். பாலிசி தொடங்கிய முதல் பதினைந்து நாட்களில் வரும் நோய் சேராது. முன்னமே இருந்த நோய் சேராது. தடுப்பூசிச் சீட்டு இல்லையென்றால் வெறிநோய் சேராது. வேண்டுமென்றே செய்த காயம், கவனிக்காமல் விட்டதால் வந்த சாவு சேராது. வைத்தியம் தெரியாதவர் செய்த வைத்தியம் சேராது. போர், அந்நியப் படையெடுப்பு, அணுக் கதிர்வீச்சு சேராது. திருட்டு, ரகசிய விற்பனை, காணாமல் போவது சேராது. மேலே சொன்ன அடையாளங்கள் இல்லாத வேறு எந்தப் பிராணியும் சேராது.

எழுதி முடித்துவிட்டு முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். என் காலடியில் தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு நாயைப் பற்றி, அதைப் பார்த்தே இராத யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து இவ்வளவையும் நினைத்துப் பார்த்திருக்கிறார். படையெடுப்பு வரைக்கும். அதன்பிறகு எதைப் பார்த்தாலும் ஒரு வரி ஞாபகம் வந்தது. அது தண்ணீர் குடிக்காவிட்டால் ஒரு வரி. இருமினால் ஒரு வரி. சுவருக்கு அப்பால் சுடும் சத்தம் கேட்டால் ஒரு வரி. நாயைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அதைச் சுற்றி நிற்கிறவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலையில் அமெரிக்காவிலிருந்து போன் வரும். ஹாலில் போன் இருந்த மேசைக்குக் கீழேதான் நாயின் பாய். பெற்றோர் பேசி முடித்ததும் சிறுமி வாங்கிக்கொள்வாள். போனை அதன் காதுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்வாள். நான் குந்தி உட்கார்ந்து ரிசீவரைப் பிடிப்பேன். அவள் ஏதேதோ சொல்வாள், நாய் மூச்சிரைக்கும், அந்தச் சத்தம் கேட்டதும் அங்கே சிரிப்பாள். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

மூன்றாவது மாதம் ஒருநாள் மதியம், காஸ் சிலிண்டர்காரர் வந்தார். கேட்டைத் திறந்து விட்டேன். அவர் சிலிண்டரை உள்ளே உருட்டிக்கொண்டு வரும்போது பின்பக்கம் சுட ஆரம்பித்தார்கள். அன்றைக்கு வழக்கத்தைவிடப் பக்கத்தில் கேட்டது. நாய் என் முந்தானைக்கு வரவில்லை. என் காலை உரசிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனது. நான் தெருவுக்கு வருவதற்குள் தெரு காலியாக இருந்தது.

தேடினேன். தேடும்போதுதான் ஒன்று புரிந்தது. அதைக் கூப்பிட வேண்டும், தமிழில் கூப்பிட வேண்டும், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிக் கூப்பிட வேண்டும். அதற்கு நான் மட்டும்தான் இருந்தேன். வாசலில் நின்றவர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அதன் பெயரை எனக்கே கேட்காத குரலில் சொல்லிக்கொண்டு நடந்தேன். ராணுவ நிலத்தின் கேட்டில் நின்ற காவல்காரரிடம் போய்க் கையால் நாயின் உயரத்தைக் காட்டினேன். "இதர் கோயி குத்தா நஹி ஆயா" என்றார். இங்கே எந்த நாயும் வரவில்லை. இன்னொரு தடவை கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஆறாம் நாள் ஏஜென்டைத் தேடிப் போனேன். ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"காணாம போச்சா? அப்ப பாலிசிய மறந்துடும்மா."

"பணம் நக்கோண்ணா. கம்பெனிலேந்து யாராவது வந்து தேடுவாங்களான்னு கேக்கத்தான் வந்தேன்."

"கம்பெனி தேடுமா?" துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தார். "செத்தா கம்பெனி வரும். உடம்பப் பாக்கும், போட்டோவப் பாக்கும், காத விரிச்சுப் பாக்கும். காணாம போனதுக்கு வந்து எதப் பாக்கும்? காத்தையா?"

"கைக்கு அப்படி ஒரு ரூலு?"

"நீயே எங்கயோ வித்துட்டு, காணோம்னு வந்து நின்னா?"

என் முகத்தைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. "அய்யோ, உன்னச் சொல்லலம்மா. பொதுவாச் சொன்னேன். அவங்களுக்குத் தகவல் குடுத்துட்டியா?"

"இல்ல."

"குடுத்துடு. நாள் ஆக ஆகச் சொல்ல வராது."

திரும்பி வரும் பஸ்ஸில் என் நோட்டில் இருந்த அந்த வரி புரிந்தது. விற்பதும் காணாமல் போவதும் ஏன் ஒரே வரியில் இருந்தன என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

ஞாயிறு வந்தது. சொல்லிவிடுவது என்று தீர்மானம் செய்து, சொல்ல வேண்டியதை மனப்பாடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. அன்றைக்குப் பார்த்து முதலில் சிறுமிதான் பேசினாள்.

"ஆன்ட்டி, போன் அவன் காதுல. ப்ளீஸ், சீக்கிரம்."

நான் குந்தி உட்கார்ந்து, ரிசீவரைக் காலிப் பாயின் மேல் பிடித்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வீட்டில் மின்விசிறிகூட ஓடவில்லை. ரிசீவருக்குள் அவள் குரல் பூச்சி ரீங்காரம்போலக் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. பிறகு சிரித்தாள்.

காதில் வைத்தேன்.

"ஐ கேன் ஹியர் ஹிம், ஆன்ட்டி" என்றாள். "ரொம்பக் கிட்டக்க மூச்சு விடறான்."

அவள் அம்மா போனை வாங்கி, "எல்லாம் சௌக்கியங்களா அக்கா?" என்று கேட்டார். சௌக்கியம் என்றேன். வைத்த பிறகு பாயின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். தரையைப் போலச் சில்லென்றுதான் இருந்தது. அவ்வளவு நேரமும் நான் மூச்சே விடவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதற்குப் பிறகு அந்த மேசைக்குப் பக்கத்தில் பெருக்கும்போதெல்லாம் பாயைத் தாண்டிப் போகாமல் சுற்றிக்கொண்டு போனேன்.

பன்னிரண்டாம் நாள் மதியம், கேட்டுக்கு வெளியே ஒரு கறுப்பு நாய் நின்றது.

குரைக்கவில்லை. கேட்டைக் கால்களால் பிறாண்டவில்லை. முகவரி விசாரிக்க வந்தவர் நிற்பதுபோல நின்றது. ஓடிப்போய்த் திறந்தேன். இளைத்திருந்தது, தோளில் முள் கீறியிருந்தது. அழுதுகொண்டே கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அது அசையாமல் இருந்தது. நான் விட்டதும் என்னைக் கடந்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு நேராகப் பின்பக்கம் போய், சுவரைப் பார்த்துப் படுத்தது.

தயிர்சோறு வைத்தேன். "தின்னு" என்றேன். பார்த்தது. "உக்காரு" என்றேன். நின்றது. "வாடா" என்றேன். என் வாயையே கவனித்துக்கொண்டிருந்தது, தெரியாத பாஷைக்காரர் பேசும்போது நாம் கவனிப்பதுபோல. எப்படித் தோன்றியதோ, மெதுவாக இந்தியில் "பைட்டோ" என்றேன். உடனே உட்கார்ந்தது.

பாலிசியை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன். உடம்பு முழுக்கக் கறுப்பு. நெஞ்சில் எட்டணா அகல வெள்ளை. அதன் மேல் ஒரு பழைய எட்டணாவையே வைத்துப் பார்த்தேன். வலது காதை விரித்தேன், நுனியில் பிளவு இருந்தது. மூன்று படங்களையும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தேன். ஒரு மயிர்கூட வித்தியாசமில்லை. அந்தத் தாளில் கேட்டிருந்த எல்லாம் அதனிடம் இருந்தது. என் செருப்பின் மேல் தாடையை வைத்துத் தூங்குவது தாளில் இல்லை. முந்தானைக்குள் மூக்கை நுழைப்பது இல்லை. அன்று மாலையும் அப்பால் சுட்டார்கள். அது தலையைக்கூடத் தூக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அதை இழுத்து வந்து பாயில் நிறுத்தி, ரிசீவரைக் காதில் வைத்தேன். வெயிலில் அலைந்துவிட்டு வந்திருந்தது. நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. சிறுமி பேசினாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள். மறுபடி பேசினாள்.

நான் போனை எடுத்ததும், "ஆன்ட்டி, வேர் இஸ் ஹி?" என்றாள்.

"இங்கதான்மா. உன் போனுகிட்டத்தான் நிக்குது."

"நோ. இன்னிக்கு ஒண்ணும் கேக்கல."

அதன்பிறகு அவள் போனைக் காதில் வைக்கச் சொல்லவே இல்லை. சாப்பிடுகிறானா என்று மட்டும் கேட்பாள். சாப்பிடுகிறது என்பேன். அது பொய் இல்லை.

ஒன்பது மாதம் முடிந்து அவர்கள் வந்து இறங்கிய அன்றே, சமையலறையில் வைத்து அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட் திறந்திருந்தது, பன்னிரண்டு நாள், சொல்லாமல் மறைத்தது. காலிப் பாயின் மேல் போனைப் பிடித்ததை மட்டும் சொல்லவில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதான் வந்திருச்சுங்களே அக்கா. பன்னண்டு நாள் பசியில கெடந்தா ஆருக்குத்தான் புத்தி மாறாது? மிலிட்டரிக்காரங்க சோறு போட்டு இந்தி பழக்கியிருப்பாங்க."

வீட்டுக்காரர் பாலிசியோடு பின்பக்கம் போய், காதைப் பார்த்தார், நெஞ்சைப் பார்த்தார். "எல்லாம் பொருந்துதுங்களே" என்றார். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

சிறுமி மட்டும் நாய்க்கு எதிரே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். நாயும் அவளைப் பார்த்தது. இரண்டு பேரும் மரியாதையாகப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு என்னிடம் வந்து, முழுசாகத் தமிழில் கேட்டாள்: "ஆன்ட்டி, இது அவனா?"

"எனக்குத் தெரியலம்மா."

தேட வேண்டும் என்று அவள் அப்பாவிடம் கேட்டாள். வீட்டில் இருக்கிற நாயை எங்கே போய்த் தேடுவது என்று அவர் சிரித்தார். நாலைந்து தடவை கேட்டாள். அதே பதில்தான். ஆனால் பள்ளிக்கூட பஸ் ராணுவ நிலத்தைத் தாண்டும்போது அவள் ஜன்னல் பக்கம் மாறி உட்காருவதாக அவளுடைய அம்மா என்னிடம் சொன்னார்.

பாலிசி முடியும் மாதம் ஏஜென்ட் புதுப்பிக்க வந்தார். மிருக டாக்டர் சீட்டு தயாராக இருந்தது. ஒரே ஒரு தாள் பாக்கி. வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில் இருந்ததால், நாயைப் பார்த்துக்கொண்டவர் எழுதித் தர வேண்டியது. மேலே விவரித்த அதே பிராணிதான் இது என்று.

"இங்க ஒரு கையெழுத்து போடும்மா. டீ ஆறிடப் போவுது" என்று பேனாவை மூடி கழற்றி என்னிடம் நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன். ஹாலில் எல்லாரும் இருந்தார்கள். நாய் பின்வாசல் வழியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. சிறுமி சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்து என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையெழுத்துப் போட்டால், இதுதான் அது. இதுதான் அது என்றால், சுவருக்கு அப்பால் காணாமல் போனது என்று எதுவும் இல்லை. அங்கே ஒன்று இருந்தாலும் அது யாருடைய நாயும் இல்லை. அதை இனி யாரும் தேடப் போவதில்லை.

பேனாவை மூடி மேசையில் வைத்தேன்.

"நான் போடமாட்டேண்ணா."

"கைக்கும்மா? ஒரு கையெழுத்துதானே? காது இருக்கு, வெள்ளை இருக்கு..."

"காது இருக்கு. வெள்ளையும் இருக்கு. அதேதான்னு எனக்குத் தெரியல. தெரியாதத எப்படி எழுதிக் குடுக்கறது?"

அந்த வீட்டில் நான் அவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. வீட்டுக்காரர் முகம் சுருங்கியது. "அக்கா, போட்டோகூட சரியா இருக்குதுங்க" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கையை மட்டும் நீட்டவில்லை. ஏஜென்ட் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "அப்ப இது கணக்குல சேராத நாயி. நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என்னக் கேக்கக் கூடாது, ஹவ்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு, தேட வேண்டும் என்று சிறுமி கேட்டபோது அவள் அப்பாவால் சிரிக்க முடியவில்லை. மறுநாள் சனிக்கிழமை. தன் பிறந்தநாள் படம் ஒன்றைக் கம்ப்யூட்டரில் எடுத்து, கேக்கின் பக்கத்தில் நாய் நிற்கிற பாகத்தை மட்டும் பெரிதாக்கி, 'காணவில்லை' என்று இங்கிலீஷிலும் இந்தியிலும் எழுதி, இருபது பிரதி எடுத்து வந்தாள். நான் மைதா காய்ச்சிப் பசை செய்தேன். கிளம்பும்போது, "இதையும் கூட்டிட்டுப் போலாம்" என்றாள். அவள் அதை 'அவன்' என்று ஒருபோதும் சொன்னதில்லை. ஆனால் பட்டையை மெதுவாகத்தான் பிடித்துக்கொள்வாள், இழுக்கமாட்டாள்.

ராணுவ நிலத்துச் சுவர் ஓரமாக ஒட்டிக்கொண்டே போனோம். கேட்டில் வேறொரு காவல்காரர் நின்றார். நோட்டீஸைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், மறுபடி நோட்டீஸைப் பார்த்தார்.

"யே தோ வஹீ ஹை, பேட்டி" என்றார். இதேதானே அது, மகளே.

"நஹீ, அங்கிள்."

அவர் என்னைப் பார்த்தார். நானும் இல்லை என்று தலையாட்டினேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, எங்களிடமிருந்து ஓரடி தள்ளி நின்றுகொண்டார்.

கடைசி நோட்டீஸை ஒட்டியபோது வெயில் தாழ்ந்திருந்தது. சிறுமி உள்ளங்கையால் தாளின் மூலைகளை அழுத்தினாள். பட்டை என் கையில் இருந்தது. அதுவரை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றிருந்த நாய், திடீரென்று தலையைத் திருப்பித் தனக்கு இடப்பக்கம் தரையைப் பார்த்தது. அங்கே ஒன்றும் இல்லை. அது காதை மடக்கிக்கொண்டு, பட்டை இறுகும் அளவுக்கு ஒதுங்கி, இன்னொரு நாய் நிற்கிற அளவுக்கு இடம் விட்டது.

"பாத்தீங்களா?" என்றாள் சிறுமி, தமிழில், ரகசியமாக.

பார்த்தேன் என்றேன். வீடு வரைக்கும் அது அந்த இடைவெளியை விட்டே நடந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதற்குள் கால் வைக்காமல் நடந்தோம்.